‘விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும்’: ஐஸ் ஹாக்கியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐஸ் ஹாக்கியில் ஆளை இடிப்பது குற்றமில்லை. பக்கை (பந்துக்குப் பதிலாக அடித்து ஆடும் ரப்பர் வட்டை) வைத்திருப்பவரைத் தோளால் மோதித் தள்ளலாம். அவர் குப்புற விழுந்தாலும் நடுவர் விசிலை எடுக்காமல் இருக்கலாம். வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். ஆட்டங்களில் இருவர் கையுறையைக் கழற்றி வீசிவிட்டுக் குத்திக்கொண்டால், 5 நிமிடம் பெனால்ட்டி பெட்டியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்கள். அதே சண்டையை ஒலிம்பிக்கில் போட்டால் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். இவ்வளவு அனுமதி இருப்பதால்தான் அது எங்கே முடிகிறது என்பதில் ஆட்டக்காரர்களும் சறுக்குகிறார்கள், அவர்களுக்காக வாதாடும் ரசிகர்களும் சறுக்குகிறார்கள்.

பெரிய தவறு, பழிதீர்ப்பதை அணிக்குச் செய்யும் கடமை என்று நினைப்பது. 2004 பிப்ரவரியில் கொலராடோ அணியின் ஸ்டீவ் மூர், வான்கூவர் அணித்தலைவர் மார்கஸ் நாஸ்லண்டை இடித்தார். நாஸ்லண்டுக்குத் தலையில் அடி. நடுவர் பெனால்ட்டி கொடுக்கவில்லை, லீக்கும் தண்டிக்கவில்லை. கணக்கு பாக்கி இருக்கிறது என்று வான்கூவர் முகாமில் பேச்சு கிளம்பியது.

மார்ச் 8 அன்று அதே அணிகள் வான்கூவரில் மறுபடி மோதின. முதல் பகுதியிலேயே வான்கூவரின் மேட் குக்கோடு மூர் சண்டை போட்டார். ஹாக்கிக்காரர்கள் சொல்லும் எழுதப்படாத சட்டப்படியே பார்த்தாலும் அத்தோடு கடன் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. மூன்றாம் பகுதியில், ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு, வான்கூவரின் டாட் பெர்டூஸி மூரைப் பின்தொடர்ந்து போய் ஜெர்சியைப் பிடித்து இழுத்தார், பின்னாலிருந்து தலையில் குத்தினார், அப்படியே பனியில் சாய்த்து மேலே விழுந்தார். அவர்கள் மேல் இன்னும் சிலர் விழுந்தார்கள். மூருக்குக் கழுத்து முள்ளெலும்புகள் மூன்று முறிந்தன. அப்போது அவருக்கு வயது 25. அதன் பிறகு அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

அடுத்த தவறு இதன் தொடர்ச்சிதான்: ‘மேலே இருந்து சொன்னார்கள், செய்தேன்’. மூர் தொடுத்த வழக்கில், பயிற்சியாளருக்கும் இதில் பங்கு உண்டு என்று பெர்டூஸி தரப்பு வாதாடப் பார்த்தது. பங்கு இருந்ததா என்பது தனிக் கேள்வி. ஆனால் குற்றவியல் நீதிமன்றத்தில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டவர் பெர்டூஸி ஒருவர்தான். ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 80 மணி நேர சமூக சேவையும் கிடைத்தன. 2006 ஒலிம்பிக்கில் அவர் கனடாவுக்காக ஆடினார். மூரின் நஷ்டஈட்டு வழக்கு சமரசத்தில் முடிய 2014 ஆனது. இதை நியாயமான கணக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

‘பனியில் இறங்கினாலே எல்லாவற்றுக்கும் சம்மதித்த மாதிரிதானே’ என்பதும் அடிக்கடி காதில் விழும் பேச்சு. கனடா நீதிமன்றங்கள் இதை முழுசாக ஏற்பதில்லை. ஆட்டத்தில் வழக்கமாக நடக்கும் மோதலுக்குத்தான் சம்மதம். 2000 பிப்ரவரியில், ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தபோது, பாஸ்டனின் மார்ட்டி மெக்சோர்லி பின்னாலிருந்து மட்டையை வீசி வான்கூவரின் டொனால்ட் பிரஷியரின் தலையில் அடித்தார். தோளைத்தான் குறிவைத்தேன், சண்டைக்கு இழுக்கத்தான் அடித்தேன் என்றார். நீதிபதி நம்பவில்லை, ஆயுதத்தால் தாக்கியதாகத் தீர்ப்பானது. கையில் இருந்தது ஹாக்கி மட்டைதான், அதையே ஆயுதம் என்று எழுதினார்கள்.

மட்டை என்றதும் இன்னொன்று. ‘தெரியாமல் பட்டுவிட்டது’ என்பது இங்கே செல்லாது. அவரவர் மட்டைக்கு அவரவர்தான் பொறுப்பு என்று விதிப்புத்தகமே சொல்கிறது. உயர்ந்த மட்டை எதிராளி முகத்தைக் கிழித்துவிட்டால், வேண்டுமென்றே செய்யாவிட்டாலும் 4 நிமிடம் வெளியே. பக்கை அடித்த வேகத்தில் மட்டை இயல்பாக மேலே போய்ப் பட்டால் மட்டும் விலக்கு உண்டு.

‘அவன்தான் முதுகைத் திருப்பினான்’ என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பக்கை எடுக்க, ஆடுகளத்தைச் சுற்றியுள்ள சுவர்ப் பலகையைப் பார்த்து நிற்பவர், இடி வாங்கப்போகும் கணத்தில் திரும்பிவிட்டால், அதையும் நடுவர் கணக்கில் எடுக்கலாம். ஆனாலும், எதிராளி தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இல்லை என்று பார்த்துக்கொள்ளும் சுமையை விதி இடிப்பவர் தலையில்தான் வைக்கிறது. எதிராளி முதுகில் உள்ள ஜெர்சி எண் முழுசாகத் தெரிகிறதா? அப்படியானால் நிற்க வேண்டியது நீங்கள்தான். கனடாவில் 2013-இலிருந்து 11, 12 வயதுப் பிரிவில் ஆளை இடிக்கும் ஆட்டமே கிடையாது. அங்கே பிள்ளைகளை ஹாக்கிக்கு அனுப்பும் நம்மவர்களும் கேலரியில் இருந்து ‘இடி, இடி’ என்று கத்தும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, விதியில் இல்லாததால் தவறில்லை என்று இருந்துவிடுவது. மூரோடு சண்டை போட்ட அதே மேட் குக், 2010 மார்ச்சில் பிட்ஸ்பர்க்குக்காக ஆடும்போது பாஸ்டனின் மார்க் சவார்டைத் தலையில் இடித்தார். அப்போது அதற்கென்று தனி விதி இல்லை. ஒரு ஆட்டத் தடைகூட விழவில்லை. அடுத்த சீசனுக்குள் தலையைக் குறிவைத்து இடிப்பதற்கு எதிரான 48-ஆம் விதி வந்துவிட்டது; சவார்ட் 2011 ஜனவரிக்குப் பிறகு ஆடவில்லை.

அந்த 2011-இல் குக் இன்னொருவரை முழங்கையால் அடித்து, சீசனின் மிச்ச ஆட்டங்களையும் பிளே-ஆஃப் முதல் சுற்றையும் இழந்தார். அப்புறம் தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். அந்த சீசனில் 129 பெனால்ட்டி நிமிடம், அடுத்த சீசனில் 44. கோலும் குறையவில்லை, 19 போட்டார். மாற முடியும் என்பதற்கு அவரைத்தான் எல்லோரும் காட்டினார்கள். 2014 பிளே-ஆஃப்பில் அவர் முழங்கால் எதிரணியின் டைசன் பேரியின் முழங்காலில் மோதியது. தடை, 7 ஆட்டம்.