உலோக நானோதுகளின் அருகே ஒரு மின்னூட்டம்: மின்புலத்தைக் கணக்கிடும் முறை

தங்கத்தாலோ வெள்ளியாலோ ஆன ஒரு நானோகோளத்தின் அருகே மின்னூட்டம் ஒன்று இருந்தால், கோளத்திலுள்ள கட்டுறா எலக்ட்ரான்கள் இடம் மாறி, உலோகத்தின் உள்ளே மின்புலம் சுழியாகும் வகையில் பரப்பில் அமைந்துகொள்கின்றன. ஆகவே வெளியே உள்ள மின்புலம் என்பது அந்த மின்னூட்டத்தின் சொந்தப் புலமும், பரப்பில் தூண்டப்பட்ட மின்னூட்டங்களின் புலமும் சேர்ந்ததாகும். பரப்பெங்கும் விரவிய அவற்றைத் தனித்தனியே கூட்ட வேண்டியதில்லை. பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1840களில் வகுத்த பிம்ப மின்னூட்ட முறை, அவற்றைக் கோளத்தினுள் இருப்பதாகக் கற்பனை செய்யும் இரண்டே புள்ளி மின்னூட்டங்களாகச் சுருக்கிவிடுகிறது.

முதலில் கோளத்தின் ஆரத்தையும் மின்னூட்டத்தின் தொலைவையும் குறித்துக்கொள்ளுங்கள். தொலைவைப் பரப்பிலிருந்து அல்ல, மையத்திலிருந்து அளக்க வேண்டும். ஆரத்தைத் தொலைவால் வகுத்து, மின்னூட்டத்தால் பெருக்கி, குறியை மாற்றினால் பிம்ப மின்னூட்டத்தின் அளவு கிடைக்கும். அதன் இடம், மையத்தையும் மின்னூட்டத்தையும் இணைக்கும் கோட்டில், மையத்திலிருந்து ஆரத்தின் இருமடியைத் தொலைவால் வகுத்த தூரத்தில் உள்ளது.

பலர் இத்துடன் நின்றுவிடுகிறார்கள். அது புவித்தொடுப்பு செய்யப்பட்ட, அதாவது கம்பியால் நிலத்தோடு இணைக்கப்பட்ட, கோளத்துக்கு மட்டுமே பொருந்தும். கரைசலிலோ வெற்றிடத்திலோ தனித்து நிற்கும் நானோதுகளின் மொத்த மின்னூட்டம் மாற வழியில்லை என்பதால், பிம்பத்துக்குச் சமமான எதிர்க்குறி மின்னூட்டத்தை மையத்தில் வைக்க வேண்டும். துகளுக்கு ஏற்கெனவே நிகர மின்னூட்டம் இருந்தால் அதையும் மையத்திலேயே சேர்க்க வேண்டும்.

வெற்றிடத்தில் 10 நானோமீட்டர் ஆரமுள்ள நடுநிலைக் கோளத்தின் மையத்திலிருந்து 15 நானோமீட்டர் தொலைவில், எலக்ட்ரானின் மின்னூட்ட அளவே உள்ள ஒரு நேர் மின்னூட்டம் இருப்பதாகக் கொள்வோம். பிம்பம் அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுள்ள எதிர் மின்னூட்டம், மையத்திலிருந்து 6.67 நானோமீட்டரில் அமைகிறது. மின்னூட்டத்துக்கு மிக அருகிலுள்ள பரப்புப் புள்ளியில் மின்னூட்டம், பிம்பம், மைய மின்னூட்டம் ஆகிய மூன்றின் புலங்களையும் கூட்டினால், நானோமீட்டருக்கு ஏறத்தாழ 0.134 வோல்ட் கிடைக்கிறது. கோளம் இல்லாதிருந்தால் அங்கே 0.058 மட்டுமே இருந்திருக்கும்.

விடையைச் சரிபார்க்க எளிய வழி, பரப்பின் மின்னழுத்தத்தைப் பார்ப்பதுதான். அருகிலுள்ள புள்ளியிலும் எதிர்ப்புறப் புள்ளியிலும் அது ஒரே அளவாக, இங்கே 0.096 வோல்ட்டாக, வர வேண்டும். வேறுபட்டால் பிம்பத்தின் இடத்திலோ குறியிலோ பிழை இருக்கிறது.

கோளத்தைச் சீரான புலத்தில் வைத்த ஒற்றை இருமுனையாக (அருகருகே உள்ள சமமான நேர், எதிர் மின்னூட்டங்களின் இணையாக) கருதிக் கணக்கைக் குறைக்கும் பழக்கத்தைப் பற்றி நான் அழுத்தமாகவே எச்சரிக்க விரும்புகிறேன். மேலே சொன்ன எடுத்துக்காட்டில், அருகிலுள்ள புள்ளியில் அது தரும் புலம் உண்மை மதிப்பில் ஏழில் ஒரு பங்குதான். எதிர்ப்புறத்திலோ உண்மையைப் போல் இரு மடங்குக்கும் மேல். மின்னூட்டம் வெகுதொலைவில் இருக்கும்போது மட்டுமே அந்தத் தோராயம் தகும்.

ஒளியின் அதிர்வெண்ணில் அலைவுறும் மூலங்களுக்கு உலோகத்தை முழுமையான கடத்தியாகக் கொள்ள முடியாது. அப்போது, துகள் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருக்கும்வரை, உலோகத்தின் அதிர்வெண் சார்ந்த விடுதிறனை (மின்புலத்துக்குப் பொருள் எந்த அளவு எதிர்வினை காட்டுகிறது என்பதன் அளவை) கொண்டு, இருமுனை, நான்முனை என மேன்மேலும் நுண்ணிய புலங்களை அடுக்கும் பன்முனைத் தொடராகக் கூட்ட வேண்டும். உலோகத்தின் விடுதிறன் சூழல் ஊடகத்தின் விடுதிறனைப் போல் எதிர்க்குறியுடன் இரு மடங்காகும்போது இருமுனை ஒத்ததிர்வு ஏற்படுகிறது. நீரிலுள்ள சிறு தங்கத் துகள்கள் 520 நானோமீட்டர் அருகே ஒளியை வலுவாக உறிஞ்சுவது இதனால்தான். மின்னூட்டம் பரப்பை நெருங்க நெருங்கத் தொடர் மெல்லக் குவிகிறது: 15 நானோமீட்டர் தொலைவில் இருபது உறுப்புகள் போதுமானவை, 10.5 நானோமீட்டரிலோ நூற்றுக்கும் மேல் தேவைப்படும்.

உப்புக் கரைசலில் கணக்கிடுவோர் அயனிகள் மின்னூட்டத்தைச் சூழ்ந்து அதன் புலத்தைத் தணிக்கும் மறைப்பையும் சேர்க்க வேண்டும். லிட்டருக்கு 0.1 மோல் சாதாரண உப்பு கரைந்த நீரில் நிலைமின்புலம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டருக்குள் தணியத் தொடங்குவதால், அங்கே வெறும் பிம்ப முறையைக் கையாள்வது தவறான விடையையே தரும்.