மெயில் ஸ்பாமில் விழுகிறதா? எஸ்.பி.எஃப், டிகிம், டிமார்க் அமைக்கும் முறை

பில் அனுப்பிவிட்டேன் என்கிறீர்கள். வரவே இல்லை என்கிறார் வாடிக்கையாளர். ஸ்பாம் ஃபோல்டரைத் திறந்து பார்க்கச் சொன்னால், அங்கே கிடக்கிறது. நீங்கள் எழுதியதில் ஒரு தப்பும் இல்லாமல் இருக்கலாம். அனுப்பியது நீங்கள்தான் என்பதற்கு ஆதாரம் இல்லாததே பல நேரங்களில் காரணம்.

மெயில் அனுப்பும் எஸ்.எம்.டி.பி முறை 1982-ல் வந்தது. தபால் உறையில் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா, அதே கதைதான் இங்கேயும். அந்த ஓட்டையை அடைக்கப் பிற்பாடு வந்தவை எஸ்.பி.எஃப், டிகிம், டிமார்க். மூன்றுமே உங்கள் டொமைனின் (அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரின்) டி.என்.எஸ் பக்கத்தில், அதாவது அந்த டொமைன் பற்றிய பொதுப் பதிவேட்டில், சேர்க்கும் சில வரிகள்தான். கோடிங் தெரிய வேண்டாம். சொந்த டொமைன் மட்டும் கட்டாயம். ஜிமெயில் முகவரியின் டி.என்.எஸ் உங்கள் கையில் இல்லை.

படி 1: யார் யார் அனுப்புகிறார்கள்?

டி.என்.எஸ் பக்கத்தைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். அலுவலக மெயில், நியூஸ்லெட்டர் சேவை, பில்லிங் மென்பொருள், இணையதளத்தின் தொடர்புப் படிவம் என்று உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்பும் எல்லாவற்றையும் எழுதுங்கள். பெரும்பாலும் மறந்துபோவது அந்தப் படிவம்தான்.

படி 2: எஸ்.பி.எஃப்

என் டொமைன் பெயரில் இந்த சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் பட்டியல் இது. டி.என்.எஸ்-இல் டெக்ஸ்ட் (TXT) ரெக்கார்டாக, அதாவது ஒரு பதிவு வரியாக, சேர்க்க வேண்டும். என்ன எழுதுவது என்பதை ஒவ்வொரு சேவையும் தன் உதவிப் பக்கத்தில் கொடுத்திருக்கும்.

ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். இதில் நானே சறுக்கினேன். புதிய நியூஸ்லெட்டர் சேவை கொடுத்த வரியை அப்படியே இரண்டாவது ரெக்கார்டாகப் போட்டுவிட்டேன். இரண்டு இருந்தால் பெறும் சர்வர் பிழை என்று சொல்லி இரண்டையுமே ஒதுக்கிவிடும். அதுவரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த அலுவலக மெயிலும் சேர்ந்து கெட்டது. புதிய சேவையையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லும் 'இன்க்ளூட்' (include) பகுதியை மட்டும் பழைய வரிக்குள் நுழைத்திருந்தால் போதும்.

சேவைகளைச் சேர்த்துக்கொண்டே போகவும் முடியாது. ஒரு எஸ்.பி.எஃப் சோதனையில் 10 டி.என்.எஸ் தேடல்கள்தான் அனுமதி. ஒரு இன்க்ளூடுக்குள் இன்னும் சில ஒளிந்திருக்கும், அவையும் இந்தக் கணக்கில் வரும். இப்போது பயன்படுத்தாத சேவைகளை நீக்கிவிடுங்கள்.

படி 3: டிகிம்

உங்கள் சர்வர் ஒவ்வொரு மெயிலிலும் ஒரு டிஜிட்டல் கையொப்பம் போடும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி, அதாவது யாரும் பார்க்கக்கூடிய ஒரு நீண்ட எழுத்துத் தொடர், டி.என்.எஸ்-இல் இருக்கும். சேவையின் அமைப்புப் பக்கத்தில் சாவியை உருவாக்குங்கள். சாவியின் நீளம் கேட்டால் 2048 பிட் தேர்ந்தெடுங்கள். அது தரும் பெயரையும் மதிப்பையும் காப்பி செய்து டி.என்.எஸ்-இல் ஒட்டுங்கள்.

ஒட்டும்போது பெயர்ப் பெட்டியைக் கவனியுங்கள். பல டி.என்.எஸ் பக்கங்கள் டொமைன் பெயரைத் தாமாகவே பின்னால் ஒட்டிக்கொள்ளும். நீங்களும் முழுப் பெயரைப் போட்டால் டொமைன் இரண்டு முறை வந்து, சாவி யாருக்கும் கிடைக்காத இடத்தில் போய் உட்காரும். சேமித்தபின் சேவையின் பக்கத்துக்குத் திரும்பி, சரிபார்க்கும் பொத்தானை அழுத்துங்கள். உடனே பச்சை வராவிட்டால் பதற வேண்டாம், சில மணி நேரம் ஆகலாம்.

படி 4: டிமார்க்

முதல் இரண்டும் தேறினாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: தேறிய டொமைனும், வாடிக்கையாளர் கண்ணில் படும் அனுப்புநர் டொமைனும் ஒன்றுதானா? நியூஸ்லெட்டர் சேவை தன் சொந்த டொமைனில் கையொப்பம் போட்டால் டிகிம் தேறும், ஆனால் அது உங்களுக்கான ஆதாரம் ஆகாது. எஸ்.பி.எஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது தேறி, டொமைனும் பொருந்தினால்தான் டிமார்க் தேறும்.

ரெக்கார்டின் பெயர், கீழ்க்கோடு போட்டு டிமார்க் (_dmarc). தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் கொள்கையை முதலில் 'நன்' (none) என்று வையுங்கள். எந்த மெயிலும் தடுக்கப்படாது, அறிக்கை மட்டும் வரும். அறிக்கை வர வேண்டிய முகவரியையும் அதே வரியில் கொடுங்கள். வருவது எக்ஸ்.எம்.எல் கோப்பு, கண்ணால் படித்தால் தலை சுற்றும். அதைப் பட்டியலாக்கித் தரும் இலவசக் கருவிகள் உண்டு. படி 1-இல் மறந்தவை இங்கே தலைகாட்டும்.

சில வாரங்கள் பார்த்து, நியாயமான மெயில்கள் எல்லாம் தேறுகின்றன என்று தெரிந்தபின் 'குவாரன்டைன்' (quarantine: தேறாததை ஸ்பாமில் போடு), அப்புறம் 'ரிஜெக்ட்' (reject: ஏற்காதே). முதல் நாளே ரிஜெக்ட் போட்டால் உங்கள் பில்லையே நீங்கள் தடுத்துக்கொள்வீர்கள்.

படி 5: சோதனை

உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். கணினியில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். மேலே எஸ்.பி.எஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று வரிகள் இருக்கும். மூன்றிலும் 'பாஸ்' வர வேண்டும். தாளில் எழுதிய ஒவ்வொரு சேவையிலிருந்தும் தனித்தனியாக அனுப்பிப் பாருங்கள்.

பிப்ரவரி 2024 முதல், தினமும் 5,000 மெயில்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றும் கட்டாயம். ஆனால் ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொட்டால், மூன்று பாஸும் காப்பாற்றாது. விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலுக்கு அனுப்புகிறவர்களுக்கு நான் வேறு வைத்தியம் எதுவும் சொல்லப்போவதில்லை.

வாங்கிப் போட்டுவிட்டு மெயிலே அனுப்பாத டொமைன் ஏதாவது இருக்கிறதா? அதற்கும் யாரும் அனுப்ப அனுமதி இல்லை என்று ஒரு எஸ்.பி.எஃப் வரியும், ரிஜெக்ட் என்று ஒரு டிமார்க் வரியும் இன்றே போட்டுவிடலாம். அங்கே காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.