கடுங்குளிரில், இன்ஜின் வேலை பார்த்த டர்ட் பைக்கைப் பழக்குவது எப்படி?

புது பிஸ்டனும் ரிங்கும் போட்ட டூ-ஸ்ட்ரோக் வண்டியைக் குளிரில் கிளப்பும்போது பிஸ்டன் சட்டென்று சூடாகும். சிலிண்டரோ நிதானமாகத்தான் சூடாகும். கிளப்பிய கையோடு முறுக்கினால், விரிந்த பிஸ்டன் இன்னும் விரியாத சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் நான்கு பக்கமும் நெடுக்காகக் கீறல் விழுந்திருக்கும். செலவழித்த பணம் அத்தனையும் போச்சு. யமஹா ஒய்இசட் 125 போல கார்புரேட்டரும் ரேடியேட்டரும் உள்ள வண்டிக்கான முறை இது.

1. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் வடித்துவிடுங்கள். உறைந்தால் சிலிண்டரே விரிசல் விடும். எத்திலீன் கிளைகோல் கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி ஊற்றுங்கள்.

2. பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைப் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள். 32:1 என்றால் லிட்டருக்குச் சுமார் 31 மில்லி எண்ணெய். கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. புது இன்ஜின் என்று எண்ணெயைக் கூட்டாதீர்கள். எண்ணெய் கூடிய அளவுக்குப் பெட்ரோல் குறையும். குளிர்காற்று அடர்த்தியானது என்பதால் பெட்ரோல் ஏற்கெனவே போதாமல் இருக்கும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள திருகுதான் மெயின் ஜெட். கோடையில் ஓடியதைவிட ஒரு அளவு பெரியதைப் போடுங்கள்.

3. இதில்தான் பொறுமை வேண்டும். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, சோக் இழுத்துக் கிளப்புங்கள். ஆக்சிலரேட்டரை லேசாக ஏற்றி இறக்கியபடி இருங்கள். கையுறையைக் கழற்றி ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு வந்ததும் அணைத்துவிடுங்கள். சிலிண்டர் முழுவதும் ஆறிய பிறகே அடுத்த முறை. இப்படி மூன்று முறை. கடைசியாக ஆறியதும் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் நட்டுகளைக் கையேட்டிலுள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவில் சரிபாருங்கள். ரேடியேட்டர் சூடே ஏறவில்லையென்றால் பாதியை அட்டையால் மறையுங்கள்.

4. மறுபடி சூடேற்றி, சமதரையில் கால் மணி நேரம் பாதி ஆக்சிலரேட்டருக்குள் ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் போகாதீர்கள். எரிந்த வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சிலிண்டர் சுவரோடு அழுத்துவதால்தான் ரிங் படியும். ஐடிலில் உறுமவிட்டால் அந்த அழுத்தம் கிடைக்காது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுதும் மூடியபடி இறங்கவும் வேண்டாம். பெட்ரோல் நின்றால் அதோடு வரும் எண்ணெயும் நின்றுவிடும்.

5. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். காப்பிப்பொடி நிறம் நல்லது. வெளுத்திருந்தால் காற்றுக்கேற்ற பெட்ரோல் போதவில்லை என்று பொருள்; மேற்கொண்டு ஓட்டாதீர்கள். கேஸ்கெட்டிலோ இன்டேக் ரப்பரிலோ காற்று கசிகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு ஜெட்டை மாற்றுங்கள்.