டெர்மினலில் எய்டர்: ஏஐ ஏஜென்டை வைத்து கோட் திருத்துவது எப்படி

எய்டர் ஓர் ஓப்பன் சோர்ஸ் கருவி, அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைக்கிறது. டெர்மினலில் நீங்கள் சொல்வதை ஒரு மொழி மாடலிடம் அனுப்பும், அது தரும் திருத்தத்தை நேராக உங்கள் கோப்பில் எழுதும், கோட் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் கமிட்டும் (அந்த மாற்றத்தின் பதிவு) போட்டுவிடும். எந்த மாடல் என்பது உங்கள் விருப்பம். ஆனால் வேலை நன்றாக வருவதும் கெடுவதும் பெரும்பாலும் இரண்டு விஷயங்களில்தான்: எந்தக் கோப்புகளை அதற்குக் கொடுக்கிறீர்கள், கிட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள்.

நிறுவுவது எளிது. பைத்தானின் பேக்கேஜ் நிறுவியான பிப் வழியாக ‘எய்டர்-இன்ஸ்டால்’ பேக்கேஜைப் போட்டு, அதே பெயருள்ள கட்டளையை ஓட்டினால் எய்டருக்கென்று தனியாக ஒரு பைத்தான் சூழல் அமைந்துவிடும். ப்ராஜெக்டின் விர்ச்சுவல் என்விரான்மென்டுக்குள்ளேயே நிறுவாதீர்கள். எய்டர் கேட்கும் லைப்ரரி வெர்ஷன்களும் உங்கள் ப்ராஜெக்ட் கேட்பவையும் மோதிக்கொள்ளும். மாடலைப் பயன்படுத்த அதன் சேவை நிறுவனம் தரும் ரகசியச் சாவியான ஏபிஐ கீயை என்விரான்மென்ட் வேரியபிளாகவோ ‘.என்வ்’ கோப்பிலோ வையுங்கள். அந்தக் கோப்பு கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியல்) இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தொடங்கும் முன் ‘கிட் ஸ்டேட்டஸ்’ ஓட்டுங்கள். கமிட் ஆகாத மாற்றம் உள்ள கோப்பை எய்டர் தொட நேர்ந்தால், முதலில் உங்கள் மாற்றத்தைத் தனி கமிட்டாகப் போட்டுவிட்டுத்தான் தன் திருத்தத்தை எழுதும். உங்கள் வேலை தொலையாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் பாதியில் நிற்கும் கோடும் வரலாற்றில் ஏறிவிடும். எனவே கையில் இருப்பதை கமிட் செய்துவிட்டு, புதிய பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) ஒன்றில் ஆரம்பியுங்கள்.

அடுத்தது கோப்புத் தேர்வு. பலரும் சறுக்குவது இங்கேதான். ‘/ஆட்’ கொடுத்து மொத்த ஃபோல்டரையும் உள்ளே தள்ளிவிடுவார்கள். அது தேவையே இல்லை. ரெப்போவில் (கிட் கண்காணிக்கும் உங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டர்) உள்ள முக்கியமான கிளாஸ்கள், ஃபங்ஷன்களின் பெயரையும் வடிவத்தையும் கோடின் அமைப்பைப் பிரித்துப் படிக்கும் ட்ரீ-சிட்டர் என்ற கருவியை வைத்து ஒரு சிறு வரைபடமாகத் தொகுத்து எய்டரே மாடலுக்கு அனுப்புகிறது. திருத்த வேண்டிய கோப்பை மட்டும் ‘/ஆட்’ செய்யுங்கள். பார்த்தால் போதும் என்பதை ‘/ரீட்-ஒன்லி’ கட்டளையில் கொடுங்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை டோக்கன் கணக்கில் (மாடல் உரையைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டுகள்) ‘/டோக்கன்ஸ்’ காட்டும். சுமார் 25,000 டோக்கனைத் தாண்டினால் பல மாடல்களுக்குக் கவனம் சிதறும். சொன்னதை விட்டுவிட்டுச் சொல்லாததைத் திருத்தும்.

கட்டளையை இப்படிக் கொடுக்கலாம்: “மொத்தத்தொகை ஃபங்ஷன் தள்ளுபடிக்கு முன்பே 18 சதவீத ஜிஎஸ்டியைக் கணக்கிடுகிறது. தள்ளுபடி போன தொகைக்குத்தான் வரி வர வேண்டும். வேறு எந்த ஃபங்ஷனையும் மாற்றாதே.” எங்கே பிழை, எது சரி, எதைத் தொடக்கூடாது என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. “பில்லிங்கைச் சரிசெய்” என்று மட்டும் சொன்னால் மாடல் ஊகத்தில் இறங்கும். மாற்றம் பெரியதென்றால் முதலில் ‘/ஆஸ்க்’ போட்டு எப்படிச் செய்யப்போகிறது என்று கேளுங்கள். அப்போது கோப்பில் எதுவும் எழுதப்படாது. திட்டம் சரியாகப் பட்டால் ‘/கோட்’ போட்டுச் செய்யச் சொல்லுங்கள். தமிழிலேயே கேட்கலாம், ஆனால் பெரும்பாலான மாடல்களில் அதே வாக்கியத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழில் அதிக டோக்கன் செலவாகும்.

திருத்தம் வந்ததும் ‘/டிஃப்’ பார்க்காமல் அடுத்த வேலையைச் சொல்லாதீர்கள். பிடிக்கவில்லையென்றால் ‘/அன்டூ’ கடைசி கமிட்டை விலக்கும். அது எய்டர் இந்த அமர்வில் போட்ட கமிட்டாக இருக்க வேண்டும். ஏற்கெனவே அதை வெளி சர்வருக்கு புஷ் செய்திருந்தால் விலக்க மறுத்துவிடும். விலக்கிய பிறகும் பழைய உரையாடல் அப்படியே இருப்பதால் மாடல் அதே தவறான வழிக்குத் திரும்பலாம். ‘/கிளியர்’ போட்டுவிட்டு, கேள்வியை வேறுவிதமாகக் கேளுங்கள்.

‘டெஸ்ட்-சிஎம்டி’ ஆப்ஷனில் உங்கள் டெஸ்ட் கட்டளையைக் கொடுத்து ‘ஆட்டோ-டெஸ்ட்’டையும் இயக்கினால், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் டெஸ்ட் ஓடும், தோற்றால் அந்த வெளியீடு மாடலுக்கே போய், திருத்த முயலும். டெஸ்ட் கோப்பும் ‘/ஆட்’டில் இருந்தால், கோடைச் சரிசெய்யாமல் டெஸ்ட்டையே தளர்த்திப் பாஸ் செய்துவிடும் ஆபத்து உண்டு. டெஸ்ட்டை ‘/ரீட்-ஒன்லி’யில் வையுங்கள்.

தேடல் வரிகள் பொருந்தவில்லை என்ற பிழை அடிக்கடி வரும். பல மாடல்களோடு எய்டர் தேடு-மாற்று முறையில் வேலை செய்கிறது: மாடல் பழைய வரிகளைச் சொல்லும், அவை கோப்பில் இருப்பதோடு பொருந்தினால்தான் மாற்றம் ஏறும். சிறிய மாடல்கள் பழைய வரியைப் பிசகாகச் சொல்லும். அப்போது ‘எடிட்-ஃபார்மட்’டை ‘ஹோல்’ என்று மாற்றினால் முழுக் கோப்பையும் திரும்ப எழுதும், டோக்கன் மட்டும் கூடுதலாகப் போகும். தமிழ் எழுத்து உள்ள கோப்புகளில் இன்னொரு காரணமும் இருக்கலாம். ‘கொ’வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஒப்பிடும்போது பொருந்தாது. கோப்பை, இத்தகைய எழுத்துகளை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றி கமிட் செய்துவிட்டுத் தொடருங்கள்.

ஒல்லாமா என்ற மென்பொருள் வழியாகச் சொந்தக் கணினியில் மாடல் ஓட்டுபவர்கள் கான்டெக்ஸ்ட் அளவை, அதாவது மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய டோக்கன் எண்ணிக்கையை, கவனிக்க வேண்டும். அளவை மீறிய பகுதியை ஒல்லாமா எந்தப் பிழையும் காட்டாமல் வெட்டிவிடும். கொடுத்த கோப்பையே பார்க்காததுபோல் மாடல் பேசினால் முதலில் அந்த அளவைக் குறிக்கும் ‘நம்-சிடிஎக்ஸ்’ அமைப்பைச் சரிபாருங்கள்.

ஒரு வேலை முடிந்ததும் ‘/ட்ராப்’ (சேர்த்த கோப்புகளை நீக்க), ‘/கிளியர்’ (உரையாடலை அழிக்க) இரண்டும் போட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். பிராஞ்சில் குட்டிக் குட்டி கமிட்டுகள் சேர்ந்திருக்கும். மெயின் பிராஞ்சில் இணைக்கும்போது அவற்றை ஸ்குவாஷ் செய்து, அதாவது ஒரே கமிட்டாக்கி, கமிட் செய்தியை நீங்களே எழுதுங்கள். ஸ்குவாஷ் ஆனபின் படிப்படியாகப் பின்னே போக முடியாது என்பதால், முழு டெஸ்ட்டையும் அதற்கு முன்பே ஓட்டிவிடுங்கள்.