கண் மருத்துவரைப் பார்க்க எட்டு மாதம் காத்திருக்கச் சொன்னால்: வெளிநாட்டில் வாழும் வேலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆரணி சாலையில் உள்ள ஷெல் கண் மருத்துவமனைக்குக் காலையில் போய்ப் பதிவு செய்து, கண்ணுக்கு மருந்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து, மாலைக்குள் மருத்துவரையும் பார்த்துவிட்டு வீடு திரும்பிப் பழகியவர்கள் நாம். அயல்நாட்டில் கண் சிறப்பு மருத்துவரைப் பார்க்க எட்டு மாதம் கழித்து ஒரு தேதியைக் குறித்துக் கடிதம் வந்தால், முதலில் கோபமும் பிறகு பயமும் வருவது இயல்புதான். 1989-இல் பிரிவதற்கு முன்பிருந்த வட ஆர்க்காட்டிலிருந்து, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பகுதிகளிலிருந்து, செவிலியர்களாக இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும், கணினி வேலைக்கு அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும், வணிகத்தின் பொருட்டு வளைகுடாவுக்கும் சென்றவர்களில் பலர், "லீவில் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். சில கண் நோய்களுக்கு அது நல்ல முடிவுதான். வேறு சிலவற்றில் அதே முடிவு பார்வையைப் பறித்துவிடும்.

அந்தக் காத்திருப்புப் பட்டியல் ரேஷன் கடை வரிசை அன்று. முதலில் வந்தவர் முதலில் போவதில்லை. உங்களுக்காக எழுதப்பட்ட பரிந்துரைக் கடிதத்தை மருத்துவமனையில் ஒருவர் படித்து, அதிலுள்ள விவரத்தை மட்டும் வைத்து, உடனடி, விரைவு, சாதாரணம் என்று பிரித்துவிடுகிறார். அவர் உங்களையோ உங்கள் கண்ணையோ பார்ப்பதில்லை. எனவே காத்திருப்பின் நீளத்தைப் பெரிதும் முடிவு செய்வது அந்தக் கடிதமே. அதைச் சரியாக எழுத வைப்பதில்தான் உங்கள் முயற்சி முதலில் செல்ல வேண்டும்.

பட்டியலில் நிற்கவே கூடாதவை

சில அறிகுறிகளுக்குத் தேதி வாங்கிக் காத்திருக்கக் கூடாது. அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை போவது, கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, புதிதாகத் திரள் திரளாகக் கரும்புள்ளிகள் மிதப்பது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போன்ற நிழல் ஆகியவை விழித்திரை கிழிந்ததற்கோ பிரிந்ததற்கோ விழித்திரையின் இரத்த ஓட்டம் தடைபட்டதற்கோ அடையாளமாக இருக்கலாம். கடுமையான கண்வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், அதோடு வாந்தி என்று வந்தால் கண்ணின் உள் அழுத்தம் திடீரென ஏறியிருக்கக்கூடும். வாந்தி இருப்பதால் இதை வயிற்றுக் கோளாறு என்றும் ஒற்றைத் தலைவலி என்றும் நினைத்து இரவு முழுவதும் படுத்துக் கிடப்பவர்கள் உண்டு. காண்டாக்ட் லென்ஸ் அணிபவருக்கு வலியோடு கண் சிவப்பது, திடீரென எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, 50 வயதைக் கடந்தவருக்குப் புதிய தலைவலியும் மெல்லும்போது தாடைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வருவது ஆகியவையும் இந்த வகையே.

வேதிப்பொருள் கண்ணில் பட்டால் மருத்துவமனையைத் தேடுவதற்கும் முன்பாக, குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 முதல் 30 நிமிடங்கள் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவ வேண்டும். தோல் பதனிடும் தொழிலின் சுண்ணாம்பை அறிந்த ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர்களுக்குக் அது போன்ற காரப்பொருள் அமிலத்தைவிட ஆழமாகக் கண்ணைத் தின்னும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடிதத்தை எழுத வைக்கும் முறை

மருத்துவரிடம் குறையைச் சற்றுக் குறைத்துச் சொல்வதை மரியாதை என்று பழகியவர்கள் நாம். "கொஞ்சம் மங்கலாக இருக்கிறது டாக்டர், பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்தால், குடும்ப மருத்துவர் "பார்வை மங்கல், பரிசோதிக்கவும்" என்று ஒரு வரியை எழுதுவார். அந்த வரி சாதாரணப் பட்டியலின் அடியில் போய்ச் சேரும். அதே நோயாளியைப் பற்றி, "வயது 52, 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மூன்று வாரங்களாக இடது கண்ணில் மட்டும் எழுத்துகளின் நடுப்பகுதி வளைந்து தெரிகிறது, சென்ற ஆண்டு 6/6 ஆக இருந்த பார்வை இப்போது 6/18, ஓ.சி.டி. (விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்) படத்தில் விழித்திரையின் நடுவில் நீர்க்கோப்பு உள்ளது" என்று எழுதினால், படிப்பவர் அதை விரைவுப் பிரிவில் வைக்காமல் இருப்பது கடினம். இரண்டு கடிதங்களும் ஒரே கண்ணைத்தான் சொல்கின்றன. இல்லாததைச் சேர்க்கச் சொல்லவில்லை. இருப்பதை அளவோடும் தேதியோடும் சொல்ல வேண்டும் என்பதே கருத்து.

இதற்கு வீட்டிலேயே ஆயத்தம் செய்துகொள்ளலாம். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, ஊரிலிருந்து கொண்டுபோன மாதக் காலண்டரின் கட்டங்களை மறு கண்ணால் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். கோடுகள் வளைகின்றனவா, ஏதாவது ஒரு தேதி மறைந்து தெரிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இரு கண்களும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடுவதால், மாதக்கணக்கில் ஒரு கண் கெட்டிருப்பதே தெரியாமல் போவதுண்டு. எப்போது தொடங்கியது, எந்தக் கண், கூடிக்கொண்டே போகிறதா, எந்த வேலை தடைபடுகிறது என்ற நான்கையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஊசி மருந்தை அளந்து எடுக்க முடியவில்லை, இரவில் வண்டி ஓட்ட முடியவில்லை என்பதெல்லாம் கடிதத்தில் இடம்பெறத் தக்கவை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

குடும்ப மருத்துவரின் கடிதத்தைவிட, கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தரும் ஆப்டோமெட்ரிஸ்ட்டின் கடிதம் பல நாடுகளில் கூடுதல் பயன் தரும். அவரைக் கண்ணாடிக் கடைக்காரர் என்று நினைத்து நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் கண் அழுத்தம் அளப்பது, பார்வைப் புலம் சோதிப்பது, விழித்திரையைப் படம் எடுப்பது ஆகியவற்றுக்கான கருவிகள் பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கின்றன. குடும்ப மருத்துவரின் மேசையில் இருப்பதில்லை.

நாட்டுக்கு நாடு

இங்கிலாந்தில் பரிந்துரையிலிருந்து 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது விதி. அது பல இடங்களில் காப்பாற்றப்படுவதில்லை. ஆனால் எந்த மருத்துவமனைக்குப் பரிந்துரை போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கே நோயாளிக்கு உண்டு. அரசுச் செலவிலேயே கண்புரை அறுவை செய்யும் தனியார் மையங்களும் அந்தத் தேர்வில் அடங்கும் என்பதால், பக்கத்து ஊர் மையத்தைக் கேட்டு வாங்கினால் மாதங்கள் மிச்சமாகலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு 12 வயது முதல் நடத்தப்படும் விழித்திரைப் படப் பரிசோதனைக்கான அழைப்பைத் தவறவிடாதீர்கள். அது சிறப்பு மருத்துவர் வரிசைக்கு அப்பாற்பட்ட தனி ஏற்பாடு. அயர்லாந்துக் குடியரசில் கண்புரைக்காகக் காத்திருந்து சலித்தவர்கள் பேருந்து பிடித்து வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டுக்குப் போய் அறுவை செய்துகொண்டு வந்த நிலைமையே இருந்தது.

ஜெர்மனியில் 116117 என்ற எண்ணில் மருத்துவ நேரம் ஒதுக்கித் தரும் சேவை இருக்கிறது. மற்றத் துறைகளுக்குப் பரிந்துரை கேட்பார்கள். கண் மருத்துவருக்கு அது தேவையில்லை. கிடைக்கும் மருத்துவர் நீங்கள் விரும்பியவராகவோ பக்கத்துத் தெருக்காரராகவோ இருக்கமாட்டார் என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆப்டோமெட்ரிஸ்ட்டே நேரடியாகக் கண் மருத்துவருக்குப் பரிந்துரைக்கலாம். அங்குள்ள அரசு மருத்துவமனைகளில் அறுவைகள் 30, 90, 365 நாள் என்ற மூன்று அவசர வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன. கண்புரை பெரும்பாலும் மூன்றாவதில் விழும். அமெரிக்காவில் வரிசையைவிடக் காப்பீடுதான் சிக்கல்: கண்ணாடிக்கான பார்வைக் காப்பீடு வேறு, நோய்க்கான மருத்துவக் காப்பீடு வேறு. நேரம் கேட்கும்போது அறிகுறியைச் சொல்லி, மருத்துவக் காப்பீட்டின் கீழ் கேட்க வேண்டும்.

எந்த நாடாக இருந்தாலும், யாராவது வராமல்போனால் குறுகிய அறிவிப்பில் வரத் தயார் என்று மருத்துவமனையின் அலுவலகத்தில் பெயரைச் சொல்லி வையுங்கள். இரவுப் பணி முடித்துக் காலையில் ஓய்வாக இருக்கும் செவிலியர்களுக்கு இது நன்றாகவே பலிக்கும். காத்திருக்கும்போது பார்வை மேலும் குறைந்தால் பேசாமல் இருக்காதீர்கள். ஆப்டோமெட்ரிஸ்ட்டிடம் மறுபடி அளந்து, பழைய அளவையும் புதிய அளவையும் சேர்த்து இரண்டாவது கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். இதை மிகச் சிலரே செய்கிறார்கள், ஆனால் வரிசையில் ஒருவரை முன்னே நகர்த்துவதில் இதற்கு இணையான வழி வேறில்லை. குழந்தையின் மாறுகண்ணும் ஒரு கண் பார்வைக் குறைவும் ஏழு, எட்டு வயதுக்குள் கவனிக்கப்பட வேண்டியவை என்பதால், அங்கே இன்னும் விடாப்பிடியாக இருங்கள்.

ஊரிலிருந்து வரும் பார்சல்

காத்திருக்கும் மாதங்களில் பெரும் ஆபத்து ஊரிலிருந்து பாசத்தோடு வந்து சேரும் சொட்டு மருந்துதான். மகளுக்குக் கண் சிவந்திருக்கிறது என்று தெரிந்ததும், முன்பு அப்பாவுக்குக் கேட்ட சொட்டு மருந்தையே மருந்துக்கடையில் வாங்கி, ஊறுகாய், பருப்புப் பொடியோடு வைத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் புட்டிகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் சிவப்பு மறைந்து மனம் நிம்மதியாகும். உள்ளே கண் அழுத்தம் ஏறும், வைரஸால் வந்த கருவிழிப் புண்ணாக இருந்தால் அது பரவும். புட்டியில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால், மருத்துவர் சொல்லாமல் ஊற்றாதீர்கள். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. மறுபக்கம், கண் நீர் அழுத்த நோய்க்கு ஏற்கெனவே ஊற்றிவரும் மருந்தைத் தேதி தள்ளிப்போகிறது என்பதற்காக நிறுத்தவும் கூடாது. குடும்ப மருத்துவரிடம் மருந்துச் சீட்டை நீட்டித்துத் தரக் கேளுங்கள்.

லீவில் வேலூருக்கு வந்து பார்ப்பதென்றால்

இரண்டாம் கருத்துக் கேட்பது, கண் நீர் அழுத்தத்துக்கு அடிப்படைச் சோதனைகள் அனைத்தையும் ஒரே நாளில் முடிப்பது, கண்புரை அறுவை ஆகியவை விடுமுறைக்குப் பொருந்துபவை. சி.எம்.சி. எனப்படும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவு, அதன் நிறுவனர் ஐடா ஸ்கடர் 1902-இல் தொடங்கிய பழைய ஷெல் மருத்துவமனை வளாகத்தில், ஆரணி சாலையில் இருக்கிறது, காட்பாடியில் ஆட்டோ ஏறி "சி.எம்.சி." என்று மட்டும் சொன்னால் நகர் நடுவிலுள்ள பெரிய மருத்துவமனையில் இறக்கிவிடுவார்கள். பழைய நோயாளி எண் இருந்தால் அதையே தேடி எடுத்து, புறப்படும் முன்பே இணையத்தில் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். செலவு கருதுவோருக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. மருந்து ஊற்றினால் சில மணி நேரம் எழுத்து தெரியாது, வெயில் கூசும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், வண்டி ஓட்டாதீர்கள்.

கண்புரை அறுவையை விடுமுறையின் முதல் வாரத்தில் வையுங்கள். கல்யாணம், காதுகுத்து எல்லாம் முடித்துவிட்டு விமானத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அறுவை செய்துகொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது, இது சரியன்று. அறுவைக்குப் பின் அரிதாக வரும் கடும் தொற்று பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரங்களில்தான் தலைகாட்டும். அப்போது அறுவை செய்தவர் எட்டும் தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும். சொட்டு மருந்து நான்கிலிருந்து ஆறு வாரங்கள் தொடரும், இறுதிக் கண்ணாடியும் ஏறக்குறைய அப்போதுதான் கிடைக்கும் என்பதால், மூன்று வார லீவில் இரண்டு கண்ணையும் முடித்துவிட ஆசைப்படாதீர்கள். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள், அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கு அளவு எடுப்பதற்கு எத்தனை நாள் முன்பே காண்டாக்ட் லென்ஸைக் கழற்றி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விமானம் ஏறுங்கள். மென்மையான வகைக்கும் கடின வகைக்கும் இது வேறுபடும்.

புறப்படும்போது மருத்துவச் சுருக்கம், உள்ளே வைத்த லென்ஸின் பெயரும் பவரும் உள்ள அட்டை, ஸ்கேன் படங்களின் கோப்புகள் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தாளில் அச்சிட்ட படத்தை வைத்து அங்கே ஒப்பிட முடியாது. ஏற்கெனவே வெளிநாட்டில் பட்டியலில் இருந்தால், ஊரில் இருக்கும் நாட்களை அந்த மருத்துவமனைக்கு முன்பே தெரிவியுங்கள். இல்லாவிட்டால், வந்த தேதிக்குப் போகாதவர் என்று பெயரை நீக்கிவிட்டு, மறுபடி கடிதத்திலிருந்து தொடங்கச் சொல்வார்கள். விழித்திரைக்கு மாதந்தோறும் ஊசி போட்டுக்கொள்பவர்கள் இரு மருத்துவர்களையும் கலந்து, இடைவெளி விழாதபடி பயணத் தேதியை வகுக்க வேண்டும்.

விழித்திரை பிரிந்ததற்கு அறுவை செய்து கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால், அது முழுவதும் கரையும்வரை விமானம் ஏறக் கூடாது. உயரத்தில் காற்றழுத்தம் குறையக் குறைய உள்ளிருக்கும் வாயு விரிந்து, கண் அழுத்தத்தை ஏற்றிப் பார்வையை அழித்துவிடும். வாயுவின் வகைக்கேற்ப இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை இது நீளலாம். விடுமுறையை நீட்டிக்கத்தான் வேண்டும். வந்த இடத்தில் குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போய்வரலாமா என்பவர்களுக்கும் பதில் இதுதான்: 1,000 மீட்டருக்கு மேற்பட்ட மலை அது, மருத்துவர் அனுமதிக்கும்வரை வாணியம்பாடியிலேயே இருந்துகொள்ளுங்கள். வாயுவுக்குப் பதிலாகச் சிலிகோன் எண்ணெய் வைத்திருந்தால் இந்தத் தடை இல்லை. எது வைத்தார்கள் என்பதைச் சுருக்கத்தில் எழுதி வாங்குங்கள்.

பேரக்குழந்தையைப் பார்க்க ஆறு மாதம் வெளிநாடு போகும் பெற்றோருக்கு, அங்கே பார்வையாளர் என்ற முறையில் சிகிச்சைக்கு முழுக் கட்டணம் ஆகும். பயணக் காப்பீடுகளும் ஏற்கெனவே உள்ள நோயைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. குடியாத்தத்திலிருந்தோ ஆற்காட்டிலிருந்தோ அவர்கள் கிளம்பும் முன் இங்கேயே கண்ணைக் காட்டி, தங்கும் காலம் முழுமைக்குமான சொட்டு மருந்தையும், மருந்தின் வேதிப்பெயரை ஆங்கிலத்தில் எழுதிய சீட்டையும் கைப்பையில் வைத்து அனுப்புங்கள். ஒரு புட்டியைத் திறந்தால் ஏறக்குறைய நான்கு வாரத்தில் எறிந்துவிட வேண்டும் என்று கணக்கிட்டுப் புட்டிகளை வாங்குங்கள்.