விசேட தேவையுடைய பிள்ளையோடு மட்டக்களப்பு, அம்பாறைக்கு வந்து குடியமரும் குடும்பங்களுக்கு

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ மத்திய கிழக்கிலிருந்தோ இங்கு வந்து குடியமரும் குடும்பத்தில், நடக்கவோ பேசவோ கேட்கவோ கற்கவோ சிரமப்படும் பிள்ளை ஒன்று இருக்குமானால், வந்த முதல் மாதத்திலேயே அந்தப் பிள்ளையை ஊரில் நாலு பேர் கூடும் இடங்களுக்குக் கூட்டிச் செல்லுங்கள் என்பதே எனது முதல் வேண்டுகோள். உதவி பற்றிய செய்தி இங்கே கிளினிக் வாங்கிலும் முன்பள்ளி வாசலிலும் கோயில் மண்டபத்திலும் வாய்ப்பேச்சாகவே பரவுகிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

ஊரின் அமைப்பையும் அறிந்திருக்க வேண்டும். மட்டக்களப்பு வாவி மாவட்டத்தை எழுவான்கரை (கிழக்குக் கரை), படுவான்கரை (மேற்குக் கரை) என இரண்டாகப் பிரிக்கிறது. போதனா வைத்தியசாலை எழுவான்கரையில் உள்ளது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அத்துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறியே மக்கள் வாவியைக் கடந்தார்கள். பாலம் வந்தபின் தூரம் குறைந்தாலும், ஒன்பது வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிச் செல்லும் தாய்க்கு ஒரு நாள் சிகிச்சை என்பது ஒரு நாள் கூலியையும் இழப்பதுதான். ஆகவே நகரத்துக்குப் புறப்படுமுன், களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் போன்ற இடங்களிலுள்ள ஆதார வைத்தியசாலைகளில் உங்களுக்கு அண்மையானது எது, அங்கே இயன்மருத்துவமும் (பிசியோதெரபி) பேச்சுச் சிகிச்சையும் எந்தக் கிழமைகளில் நடக்கின்றன என்று விசாரியுங்கள். சிகிச்சையாளர் செய்து காட்டும் பயிற்சியை நீங்களும் அவர் முன்னிலையிலேயே ஒருமுறை செய்து பார்த்து, கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள். மாதம் ஒருமுறை வைத்தியசாலையில் செய்வதைவிட நாள்தோறும் வீட்டுப் பாயில் செய்வதே பிள்ளையின் தசையை இளக்கும்.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையானால், முதலில் நாட வேண்டியவர் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் ‘மிட்வைஃப்’ என்றால்தான் தெரியும். நிறை பார்க்கும் நாளில் அவரைச் சந்தித்து, பிள்ளை எந்த வயதில் தலை நிமிர்த்தியது, எப்போது உட்கார்ந்தது, எப்போது பேசியது என்பவற்றைச் சொல்லிப் பதியச் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புவார். வேறு நாட்டில் எடுத்த மருத்துவ அறிக்கைகளை அப்போது கையோடு கொண்டு செல்லுங்கள்.

பணவுதவிக்கு உரிய இடம் பிரதேச செயலகம். அங்குள்ள சமூக சேவை உத்தியோகத்தரையும், கிராம உத்தியோகத்தரையும் சந்திக்க வேண்டும். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இந்தியாவில் பெற்ற மாற்றுத்திறனாளி அட்டையை நம்பி இருந்துவிடாமல் இங்குள்ள அரச வைத்தியரின் சான்றைப் பெறுங்கள். முகாமில் பிறந்த பிள்ளையாயின் பிரஜாவுரிமைப் பத்திரங்களை முதலில் சரிசெய்யுங்கள், ஏனெனில் மற்ற விண்ணப்பங்கள் யாவும் அதில் தங்கி நிற்கும். அம்பாறை நகரத்து அலுவலகம் ஒன்றில் சிங்களப் படிவம் தரப்பட்டால், தமிழ்ப் படிவம் கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

பாடசாலை விடயத்தில் சுருக்கமாகச் சொல்லலாம். கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை. விசேட தேவையுள்ள பிள்ளைக்கும் அது பொருந்தும். சில சாதாரண பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் உள்ளன. அண்மையில் எது உள்ளது என்பதை வலயக் கல்விப் பணிமனை சொல்லும்.

நான் அதிகம் கவலைப்படுவது கட்டடங்களைப் பற்றியே. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் பொது இடங்களுக்குள் செல்லும் உரிமையை மாற்றுத்திறனாளிகளுக்கு உறுதிசெய்கிறது. அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இருந்தும் படுவான்கரையில் நான் அறிந்த ஒரு கிராமத்தில், கிளினிக் நடக்கும் பல்நோக்கு மண்டபத்தின் வாசலில் மூன்று படிகள் இருந்தன. தாய்மார் மண்டபத்துக்குள் அமர்ந்திருக்க, ஒரு தாய் மட்டும் மகனுடன் சக்கர நாற்காலியருகே வெயிலில் நின்றதைக் கண்ட கிராம அபிவிருத்திச் சங்கத்தார், கல்லும் சீமெந்தும் சேர்த்து ஒரு சாய்தளம் கட்டினார்கள். ஒன்றரை அடி உயரத்திற்கு ஐந்து அடி நீளத்தில் கட்டியதால், தாய் நாற்காலியைத் தள்ளியபோது முன்சில்லுகள் மேலெழுந்து பிள்ளை பின்னால் சாய்ந்தான். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற அளவு அதன் பிறகே அவர்களுக்குத் தெரியவந்தது. பழையதை உடைத்து, சுவரோரமாகத் திருப்பிப் பதினெட்டு அடிக்குக் கட்டினார்கள். இன்று அந்த வழியால் முதியவர்களும் ஏறுகிறார்கள். உங்கள் ஊர் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ படி தடையாக இருந்தால், சங்கக் கூட்டத்தில் எழுந்து இந்த அளவைச் சொல்லிக் கேளுங்கள். நடமாடும் சேவைகள் நடப்பதும் இத்தகைய மண்டபங்களில்தான்.

இந்த மண்ணில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்து அருகிலேயே வைத்திருப்பது வழக்கமாதலால், பிள்ளையைத் தூக்கி வளர்க்க அம்மம்மாவும் சின்னம்மாவும் பக்கத்திலேயே இருப்பார்கள். பல ஆண்டுகள் வெளியே இருந்து வந்த குடும்பத்திற்கு அந்தக் கைகள் இல்லாமல் போகலாம். பிரதேச செயலகத்தின் சமூகம் சார் புனர்வாழ்வு வேலைத்திட்டத்தின் கீழ் இயங்கும் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் சேர்ந்தால், அதே நிலையிலுள்ள பெற்றோரைச் சந்திக்கலாம். எந்த வைத்தியர் பொறுமையாகப் பார்ப்பார், எந்த ஆட்டோக்காரர் நாற்காலியை மடித்து ஏற்றுவார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

கோயில்களையும் விட்டுவிடாதீர்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு ஊரே கூடும். ஆனால் வெளிவீதி மணலில் நாற்காலியின் சில்லுகள் புதையும். சடங்கு தொடங்க ஒரு வாரம் முன்னரே கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கரைச் சந்தித்து, பக்க வாசலிலிருந்து மண்டபம் வரை நாலைந்து பலகைகளை மணலில் பதித்துத் தரும்படி கேளுங்கள். பிள்ளையையும் கூடவே கூட்டிச் சென்று கேளுங்கள்.