தெருவுக்கும் கடற்கரைக்கும் குதிரையோடு முதல்முறை போகிறவர்களுக்கு: வடசென்னையிலிருந்து ஒரு செய்முறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது குதிரை ஏறக் கற்றுத்தரும் பதிவு இல்லை. வேலி போட்ட இடத்தில் ஒருவரிடம் முறையாகக் கற்று, நடக்க வைக்க, திருப்ப, நிறுத்த எல்லாம் வந்துவிட்டது, வெளியே போய்ப் பார்க்கலாமே என்று கை அரிக்கும் இல்லையா, அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கானது. நிறுத்துவதில் இன்னும் சந்தேகம் இருக்கிறதென்றால் தயவுசெய்து வேலிக்குள்ளேயே இருங்கள்.

நான் திருவொற்றியூர். குதிரை என்னுடையது இல்லை. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் பெரியவர் ஒருவருடையது, அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் அதை நடக்கக் கூட்டிப்போவது என் வேலை. கீழே எழுதியிருப்பதில் பாதி நைனா சொன்னது, மீதி நான் தெருவில் திட்டு வாங்கிக் கற்றது.

1. குதிரைக்கு எது தெரியும், எது தெரியாது

கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் குதிரைக்குக் கிட்டத்தட்ட 350 டிகிரி தெரியும். தெரியாதது இரண்டே இடம்: மூக்குக்கு நேர் முன்னால், வாலுக்கு நேர் பின்னால். நம் தெருவில் பிள்ளைகள் ஓடி வருவது எப்போதும் அந்தப் பின்பக்கம்தான், வாலைப் பிடித்துப் பார்க்க. உதை விழும் இடமும் அதுவே. அதனால் யாராவது கிட்டே வந்தால் குதிரையின் தோள்பக்கமாக, அதன் கண்ணில் படும்படி வரச்சொல்லுங்கள். பிஸ்கட் நீட்டினால் வேண்டாம் என்று சிரித்தபடியே சொல்லிவிடுங்கள், விரலுக்கும் பிஸ்கட்டுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

இன்னொன்று, குதிரை இரையாகும் பிராணி, பயந்தால் முதலில் ஓடும், யோசிப்பதெல்லாம் அப்புறம். கன்டெய்னர் லாரி ஏர் பிரேக் அடிக்கும்போது வரும் 'புஸ்' சத்தம், காற்றில் படபடக்கும் பிளாஸ்டிக் பை, மூடி திறந்து கிடக்கும் சாக்கடை, இவையெல்லாம் நமக்கு தினசரி விஷயம், அதற்கு அப்படி இல்லை. காதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இரண்டு காதும் ஒரே பக்கம் விறைத்து நின்றால் அங்கே எதையோ பார்த்துவிட்டது. காது இரண்டும் பின்னால் ஒட்டிப் படுத்துவிட்டால் கோபம்.

2. கிளம்பும் முன்

தாடைப் பட்டையுள்ள சவாரி ஹெல்மெட் போடுங்கள். பைக் ஹெல்மெட் கனம், காதையும் அடைத்துவிடும், பின்னால் வரும் வண்டி கேட்காது. செருப்போடு ஏறாதீர்கள், குதிகால் வைத்த ஷூ வேண்டும், இல்லையென்றால் விழும்போது கால் அங்கவடிக்குள் (சேணத்தில் தொங்கும் மிதிவளையம்) நுழைந்து மாட்டிக்கொள்ளும், குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். மெட்ரோ வேலை செய்பவர்கள் போடும் பளபளக்கும் ஜாக்கெட் ஒன்று வாங்கி மாட்டுங்கள். அழகாக இருக்காது, இருட்டு விலகாத நேரத்தில் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரிவீர்கள்.

சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும், நைனாவுடையது இதில் கில்லாடி. ஐந்து நிமிடம் நடந்த பிறகு இறங்கி இன்னொரு முறை இறுக்குங்கள். லகானைக் கையில் சுற்றிக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம்.

3. எங்கே, எப்போது

ஊரில் எல்லாரும் 'விடியற்காலையில் போ, ரோடு காலியாக இருக்கும்' என்பார்கள். இங்கே அது பாதிதான் உண்மை. காசிமேட்டில் மீன் ஏலம் நடப்பதே விடியும் முன்னால்தான், ஞாயிற்றுக்கிழமை என்றால் நடக்கவே இடம் இருக்காது, ஐஸ் பெட்டியும் மீன்பாடி வண்டியும் தலையில் கூடையோடு வருகிறவர்களும், அங்கே குதிரைக்கு வேலையில்லை. எண்ணூர் விரைவுச் சாலையை எந்த நேரத்திலும் மறந்துவிடுங்கள், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்கள் வரிசையாக நிற்கும், அது புதியவர் இடமில்லை, பழகியவர் இடமும் இல்லை என்பேன்.

குடியிருப்பு உள்தெருக்கள், எண்ணூர் பக்கத்தில் மணல் மிச்சமிருக்கும் கடற்கரை, இவைதான் நமக்கு. கடல் அரிப்புக்குப் பாறை கொட்டியிருக்கும் இடத்திலும் தூண்டில் வளைவு (கடலுக்குள் போட்ட கல் தடுப்பு) நீட்டியிருக்கும் இடத்திலும் வழி முட்டிக்கொள்ளும், அதனால் முதல் நாள் குதிரை இல்லாமல் நடந்து போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆடி மாதம் அம்மன் கோவில் ஒலிபெருக்கி, தேர்தல் சமயத்தில் ஊர்வலம், இவையெல்லாம் முன்கூட்டியே தெரியும். சாவு ஊர்வலம் தெரியாது. பறையும் பட்டாசுமாக ஒரு முனையில் திரும்பி நேரே எதிரில் வந்துவிடும். தூரத்தில் மேளம் கேட்டதுமே இறங்கி, பக்கத்துச் சந்துக்குள் குதிரையைக் கொண்டுபோய் நில்லுங்கள், ஊர்வலம் முழுக்கப் போகட்டும். குதிரையின் மீது உட்கார்ந்தபடி சாவைக் கடப்பது மரியாதையும் இல்லை.

பட்டம் விடும் நாட்களில் மாஞ்சா நூலுக்குப் பயப்படுங்கள். தடை இருந்தாலும் பறக்கத்தான் செய்கிறது, குதிரை மேல் இருக்கும்போது உங்கள் கழுத்து சாதாரணமாக நடக்கிறவர்களைவிட மேலே இருக்கிறது.

4. தெருவில்

இடதுபக்கம், போக்குவரத்து போகும் திசையில். நடை மட்டும். தார் ரோட்டிலும் சிமென்ட் தெருவிலும் டிராட் (துள்ளு நடை ஓட்டம்) கூட வேண்டாம், இரும்பு லாடம் வழுக்கும், கால் மூட்டுக்கும் அடி. சாக்கடை மூடி, இரும்புத் தகடு போட்ட பள்ளம், இவற்றைச் சுற்றிப் போங்கள். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைக் குறுக்கே நேராக, மெதுவாகத் தாண்டுங்கள், ரயில் வரும் நேரமென்றால் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்காமல் நன்றாகப் பின்னால் போய் நில்லுங்கள். இரண்டு குதிரை போனால் ஒன்றன்பின் ஒன்று.

எதிரில் நடந்து வருபவர் பயப்படுகிறார் என்றால் அதை 'ஒண்ணும் பண்ணாதுக்கா' என்று சொல்லிக் கடக்காதீர்கள். நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் அதே வசனம் இது, கேட்கும்போது நமக்கே எரிச்சலாக இருக்கும். நின்றுவிடுங்கள். 'அக்கா, குதிரை வருது, நீங்க போனதும் நான் போறேன்' என்று சொன்னால் போதும், பாதிப் பேர் சிரித்துக்கொண்டு தாண்டுவார்கள். பின்னாலிருந்து ஒருவரைக் கடக்கும்போது பத்தடிக்கு முன்பே குரல் கொடுங்கள். பைக் வேகமாக வந்தால் உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்து மேலும் கீழும் அசைத்து மெதுவாக வரச்சொல்லுங்கள், மெதுவாக வந்தவருக்கு ஒரு தலையசைப்பாவது கொடுங்கள். ரீல்ஸ் எடுக்க வரும் தம்பிகளிடம் ஃபிளாஷ் போடாதே, ஹாரன் அடிக்காதே என்று இரண்டே கட்டளை. கேட்கவில்லையா, கிளம்பிவிடுங்கள்.

குறுகலான இடத்தில் இறங்கி நடத்திச் செல்வது அவமானம் இல்லை. அப்போது குதிரை உங்கள் இடப்பக்கம், நீங்கள் வண்டிகளுக்கும் அதற்கும் நடுவில்.

5. கடற்கரையில்

நான் பட்டது இங்கேதான். தாழங்குப்பம் பக்கம் ஒருநாள் ஈர மணல் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தேன், ஆள் நடமாட்டம் இல்லையே என்று கொஞ்சம் வேகம் கூட்டினேன், அலை ஒன்று பெரிதாக ஏறி வந்தது, குதிரை சட்டென்று மேட்டுப்பக்கம் ஒதுங்கியது, அங்கே ஒரு ஆயா வலை விரித்து நெத்திலி காயப்போட்டிருந்தார். நான்கு காலும் நெத்திலி மேல். ஆயா என்னைப் பார்த்து, 'இன்னாடா, நீ ராஜாவா?' என்று கேட்டார். பதில் இல்லை. மணல் ஒட்டியதைப் பொறுக்கி உதற வைத்தார், முக்கால் மணி நேரம், பிறகு வீணாய்ப் போனதற்குக் காசும் கொடுத்தேன்.

ஆகவே விதி இது: மணல் காலியாகத் தெரிந்தாலும் அது யாரோ ஒருவரின் வேலை செய்யும் இடம். படகு ஏற்றும் கயிறு மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும், வலை பரப்பியிருக்கும், கருவாடு இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது வலை பின்னுவதும் படகு சீர் செய்வதுமாகக் கரையில் ஆள் கூடுதலாக இருப்பார்கள். குப்பத்தில் இருப்பவர்களிடம் முதலில் போய்க் கேளுங்கள், எந்தப் பக்கம் போகலாம், எத்தனை மணிக்குள் போகலாம் என்று. வழி விட்டால் அந்த வழியில் மட்டும் போங்கள். பாய்ச்சலில் விட ஆசை வந்தால், முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒருவரும் இல்லை, கயிறும் இல்லை என்று நடந்து பார்த்த துண்டில் மட்டும்.

6. மிரண்டுவிட்டால்

கத்தாதீர்கள், இரண்டு லகானையும் சேர்த்து இழுத்துத் தொங்காதீர்கள், வாய் வலித்தால் இன்னும் ஓடும். சேணத்தில் பின்னால் அழுந்தி உட்கார்ந்து, ஒரு பக்க லகானை மட்டும் இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்து, பெரிய வட்டமாகச் சுற்ற வையுங்கள், வட்டம் சிறிதாகச் சிறிதாக வேகம் குறையும். இது மணலுக்கு. தார் ரோட்டில் சிறிய வட்டம் போட்டால் குதிரையே சரிந்து விழும். ஆள் இருக்கும் பக்கம் ஓடினால் 'குதிரை, குதிரை' என்று உரக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட இது நேரமில்லை.

மனிதருக்கு அடிபட்டால் 108, குதிரைக்கு 1962, அது கால்நடை மருத்துவ உதவி எண். பெரிய சிகிச்சை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, 1903-இல் தொடங்கியது, நைனா வேறெங்கும் போவதில்லை.

சட்டமும் உண்டு: விலங்கை வைத்திருப்பவர் கவனக்குறைவால் பிறருக்கு ஆபத்து வரவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளை 37 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை வேலை வாங்கக்கூடாது என்று 1965-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. சவாரிக்கும் நான் அதையே வைத்துக்கொள்கிறேன், மே மாதத்தில் காலை எட்டரைக்கே லாயத்துக்குத் திரும்பிவிடுவோம்.

7. லத்தி

போலீஸ் லத்தி இல்லை, குதிரை போடும் லத்தி. மாட்டுச் சாணம் தெளித்துக் கோலம் போட்ட வாசலில் குதிரை லத்தி விழுந்தால் அந்த வீட்டு அம்மா சொல்வது எல்லாமே நியாயம். சேணத்தில் ஒரு சாக்கும் சின்ன முறமும் கட்டிக்கொள்ளுங்கள், குதிரையை ஓரமாகப் பிடித்துக்கொண்டு அப்போதே அள்ளுங்கள். திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்குள் நாலு பைக் ஏறி தெரு முழுக்கப் பரப்பிவிடும். கடற்கரையிலும் அள்ள வேண்டும், அலை கொண்டுபோகும் என்று விடாதீர்கள். எங்கள் சாக்கை மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் வாங்கிக்கொள்கிறார், எருவாக்க.

8. திரும்பி வந்ததும்

கடைசி பத்து நிமிடம் மெதுவாக நடத்தியே கொண்டுவாருங்கள். உப்புத் தண்ணீர் பட்ட கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, சேணத்தைக் கழற்றி, முதுகில் எங்காவது தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிறகு குளம்பு ஒவ்வொன்றையும் தூக்கிச் சுரண்டுங்கள்: சரளைக்கல், பாட்டில் சில்லு, சிப்பி. கணுக்காலைச் சுற்றி நூல் இருக்கிறதா என்று விரலால் பாருங்கள், முடிக்குள் கண்ணுக்குத் தெரியாது. போன வாரம் பின்னங்காலிலிருந்து நான் எடுத்தது ஒரு முழம் நைலான் தூண்டில் நூல், முள் இல்லாமல், நல்லவேளை.